மகாவீராசாரியர் கண்ட முக்கோணங்கள்

ஆதிபகவன் தம் புதல்வியர் இருவருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தருளினார் என்பது ஆதிபுராணம் உரைக்கும் வரலாறு. எழுத்தும் எண்ணும் உடன்பிறந்தார் இருவர் ஒரே ஆசானிடம் பெற்ற செல்வங்கள் என்னும் இக்கருத்து, சமண மரபில் வெறும் கதையாக நின்றுவிடவில்லை. ஆகமப் பொருளை நான்கு அநுயோகங்களாக வகுத்த சான்றோர், உலகின் அமைப்பையும் அதன் அளவுகளையும் கூறும் கரணாநுயோகத்துக்குத் தனியிடம் தந்தனர். பிரதமாநுயோகத்தைச் சார்ந்த புராணங்கள் இன்றும் இல்லங்களில் படிக்கப்படுகின்றன. சரணாநுயோகம் நோன்பிலும் ஒழுக்கத்திலும் வாழ்கிறது. திரவியாநுயோகத்துக்கு உரை கேட்போர் உளர். கரணாநுயோகமோ பெரும்பாலும் பெயரளவிலேயே நிற்கிறது. அதன் கணக்குகள் கடினமானவை என்னும் அச்சமே இதற்குக் காரணம் எனலாம்.

உண்மையில் அக்கணக்குகளுள் பலவற்றின் அடிப்படை, பள்ளிச் சிறுவனும் அறிந்த ஒரு செய்தியே. இருசமபக்க முக்கோணத்தின் உச்சியிலிருந்து அடிக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைந்தால், அது ஒன்றையொன்று முற்றும் ஒத்த இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரியும். மறுதலையாக, ஒத்த செங்கோண முக்கோணங்கள் இரண்டினை முதுகோடு முதுகாகச் சேர்த்தால் இருசமபக்க முக்கோணம் ஒன்று பிறக்கும். இவ்வளவே. இச்சிறு செய்தியைச் சமண ஆசாரியர்கள் எத்துணைத் தொலைவு கொண்டு சென்றனர் என்பதே அறியத்தக்கது.

முதலில் ஜம்புத்வீபத்தை நோக்கலாம். ஆலயங்களில் படமாகத் தீட்டப்பெற்றும் உலோகத்தில் பொறிக்கப்பெற்றும் காணப்படும் இத்தீவு வட்ட வடிவினது. அதன் விட்டம் 1,00,000 யோசனை. அதன் தென்கோடியில் பரதக்ஷேத்திரம் நாணேற்றிய வில்லைப் போன்று அமைந்துள்ளது. கடலை ஒட்டிய வளைவு வில். வடக்கே இமவான் மலையின் அடியோரம் நாண். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்குச் செல்லும் கோடு சரம், அதாவது அம்பு. தீவின் விட்டத்தை 190 கூறாக்கினால் பரதத்தின் சரம் அவற்றுள் ஒரு கூறாகும். எனவே அதன் அளவு 526 யோசனையும், ஒரு யோசனையை 19 பங்காக்கியதில் 6 பங்கும் ஆம். இனி நாணின் நீளம் யாது என்பது வினா.

யதிவிருஷபாசாரியரின் திலோயபண்ணத்தி இதற்கு ஒரு விதி தருகிறது. விட்டத்தின் பாதியை வர்க்கமாக்குக, விட்டத்தின் பாதியிலிருந்து சரத்தைக் கழித்து, எஞ்சியதையும் வர்க்கமாக்குக, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து, நான்கால் பெருக்கி, வர்க்கமூலம் காண்க, அதுவே நாண். விதிக்கு நூலில் காரணம் கூறப்படவில்லை. ஆனால் படம் ஒன்று வரைந்து பார்ப்போர்க்குக் காரணம் தானே விளங்கும். வட்டத்தின் நடுவிலிருந்து நாணின் இருமுனைகளுக்கும் கோடுகள் இழுத்தால் அவை இரண்டும் ஆரங்கள். ஆகவே சமமானவை, ஒவ்வொன்றும் 50,000 யோசனை. நாண் அடியாகவும் ஆரங்கள் இருபுறமாகவும் அமைந்த இருசமபக்க முக்கோணம் ஒன்று கிடைக்கிறது. அதன் குத்துயரம், ஆரத்தில் சரம் போக எஞ்சியதாகிய 49,473 யோசனையும் 19இல் 13 பங்கும். அக்குத்துயரம் முக்கோணத்தை இரு செங்கோண முக்கோணங்களாகப் பிளக்கிறது. ஒவ்வொன்றிலும் கர்ணம் ஆரம். ஒரு பக்கம் குத்துயரம். மற்றது நாணின் பாதி. கர்ணத்தின் வர்க்கத்திலிருந்து குத்துயரத்தின் வர்க்கத்தைக் கழிப்பது அரைநாணின் வர்க்கத்தைக் காண்பதற்கே. நான்கால் பெருக்குவது அரைநாணை முழுநாணாக்குவதற்கே. இக்கணக்கின்படி பரதத்தின் நாண் 14,471 யோசனையும் 19இல் 5 பங்கும் சற்று மேலும் ஆகிறது.

யோசனை அளவுகளை இன்றைய நிலநூலோடு ஒப்பிட்டு வாதிடுவோர் உளர். அவ்வாதம் இங்கு வேண்டுவதன்று. வட்டத்தின் அளவு எதுவாயினும் விதி பிழையாது. குயவனின் சக்கரத்துக்கும் அது பொருந்தும்.

இருசமபக்க முக்கோணத்தை இவ்வாறு பிளந்து காண்பதோடு நில்லாமல், செங்கோண முக்கோணங்களைக் கொண்டு அதனைப் படைத்துக் காட்டும் வழியை விரிவாக வகுத்தவர் மகாவீராசாரியர். பகவான் வர்த்தமான மகாவீரரின் திருப்பெயரைத் தாங்கிய இவ்வாசிரியர், பகவானுக்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கும் பின்னர் வாழ்ந்தவர். பெயரொற்றுமையால் மயங்குதல் கூடாது. இராட்டிரகூடப் பேரரசன் நிருபதுங்க அமோகவர்ஷன் 814 முதல் 878 வரை மானியகேடத்திலிருந்து ஆண்டான். அவ்வூர் இன்று கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என வழங்குகிறது. அவ்வரசனைத் தம் நூலின் தொடக்கத்தில் புகழ்ந்து பாடும் மகாவீராசாரியர், ஏறக்குறைய 850ஆம் ஆண்டளவில் கணிதசாரசங்கிரகம் என்னும் வடமொழி நூலை இயற்றினார். தமிழ்ச் சமணர் போற்றிப் படிக்கும் ஸ்ரீபுராணத்துக்கு மூலமாகிய மகாபுராணத்தைத் தொடங்கிய ஜினசேனாசாரியர் அவ்வமோகவர்ஷனின் குருவாக விளங்கியவர். சுந்தரிக்கு எண் கற்பித்த வரலாற்றைப் பாடிய புலவரும், எண்ணுக்கே ஒரு நூல் செய்த புலவரும் ஒரே அரசனின் காலத்தவர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

கணிதசாரசங்கிரகம் ஆயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களையுடையது. வான்கணிதத்தின் ஓர் உறுப்பாகக் கணிதத்தைக் கூறும் வழக்கம் மேலோங்கியிருந்த காலத்தில், இது கணிதம் ஒன்றையே பொருளாகக் கொண்டது. நூலின் க்ஷேத்திரகணிதப் பகுதி, முக்கோணங்களைச் சமம், துவிசமம், விஷமம் என மூன்றாக வகுக்கிறது. மூன்று பக்கமும் ஒத்தது சமம். இரண்டு ஒத்தது துவிசமம், அதாவது இருசமபக்கம். எதுவும் ஒவ்வாதது விஷமம். பரப்புக் காண்பதற்கு ஆசாரியர் இருவகை விதிகள் தருகிறார். ஒன்று வியவகாரத்துக்கு உதவும் பருமட்டான கணக்கு; மற்றது சூக்ஷ்மமான, துல்லியமான கணக்கு.

பருமட்டான விதி இது: எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அப்பாதிகளைத் தம்முள் பெருக்குக. முக்கோணத்துக்கு நான்காம் பக்கம் இன்மையால் அதனைச் சூனியமாகக் கொள்க. பக்கங்கள் 13, 13, அடி 10 கோல் கொண்ட இருசமபக்க நிலம் ஒன்றை இவ்விதியால் அளந்தால், அடியின் பாதி 5, பக்கங்களின் சராசரி 13, பரப்பு 65 சதுரக் கோல் என வரும். துல்லியமான பரப்போ 60. ஐந்து சதுரக் கோல் எங்கிருந்து வந்தது? நிலத்தைக் குத்துக்கோட்டால் பிளந்து நோக்கினால் புலப்படும். ஒவ்வொரு பாதியும் 5, 12, 13 என்னும் செங்கோண முக்கோணம். குத்துயரமாகிய 12ஐக் கொண்டு பெருக்கவேண்டிய இடத்தில், சாய்ந்த பக்கமாகிய 13ஐக் கொண்டு பெருக்கியதே பிழை. கர்ணத்தைக் குத்துயரமாக மயங்கியதன் விலை அவ்வைந்து சதுரக் கோல். ஒவ்வொரு பக்கமும் 8 கோல் உள்ள சமமுக்கோணத்தில் பிழையின் விகிதம் மேலும் மிகும்: பருமட்டில் 32, துல்லியத்தில் 28க்கும் குறைவு. பங்கு பிரிக்கும் உடன்பிறந்தார்க்கும், பரப்புக்கேற்ப இறை செலுத்தும் உழவர்க்கும் இவ்வேறுபாடு சிறிதன்று. அடி மிகச் சிறிதாகவும் பக்கங்கள் மிக நீண்டும் உள்ள நிலத்தில் பருமட்டு விதி பெரும்பாலும் போதுமானது என்பதையும் சொல்லவேண்டும். அந்நிலையில் சாய்வுக்கும் நிமிர்வுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. ஆசாரியர் இரண்டு விதிகளையும் தந்து, ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் அழைத்தது நேர்மையின் பாற்பட்டது. வியவகாரம் என்னும் சொல்லைக் கண்டவுடன் நிச்சய நயத்தையும் வியவகார நயத்தையும் இங்கே கொண்டுவந்து பொருத்திக் காட்டும் ஆர்வம் சிலர்க்கு எழக்கூடும். சொல் ஒன்றாயினமையால் பொருளும் ஒன்றென்று துணிதல் ஏற்புடையதன்று.

ஆசாரியரின் தனித்திறம் ஜன்யம் என்னும் பகுதியில் வெளிப்படுகிறது. ஜன்யம் என்பதற்குப் பிறந்தது என்று பொருள். அப்பகுதியில் வடிவங்கள் அளக்கப்படுவதில்லை, பிறப்பிக்கப்படுகின்றன. பீசம், அதாவது வித்து, எனப்படும் இரண்டு எண்களை எடுத்துக்கொள்க. அவற்றின் வர்க்கங்களின் வேறுபாடு ஒரு பக்கம். அவற்றின் பெருக்கத்தின் இருமடங்கு மற்றொரு பக்கம். வர்க்கங்களின் கூட்டுத்தொகை கர்ணம். 3, 2 என்னும் வித்துகளிலிருந்து 5, 12 பக்கங்களும் 13 கர்ணமும் உடைய செவ்வகம் பிறக்கிறது. பழைய நூலோர் செங்கோண முக்கோணத்தைத் தனித்துக் கூறுவதைவிடச் செவ்வகத்தையும் அதன் கர்ணத்தையும் கூறுவதையே விரும்பினர். செவ்வகத்தைக் கர்ணத்தின் வழியே அறுத்தால் இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைப்பதால் இரண்டும் ஒன்றே.

அவ்வாறு அறுத்த துண்டுகள் இரண்டில் ஒன்றைப் புரட்டி, 12 அளவுள்ள பக்கங்கள் ஒட்டுமாறு சேர்த்தால் 13, 13, 10 என்னும் இருசமபக்க முக்கோணம் வரும். 5 அளவுள்ள பக்கங்கள் ஒட்டுமாறு சேர்த்தால் 13, 13, 24 என்பது வரும். முன்னது நெடிதுயர்ந்தது, பின்னது தாழ்ந்து அகன்றது. எனினும் இரண்டின் பரப்பும் 60. ஏனெனில் இரண்டும் அதே செவ்வகத்தின் துண்டுகளே. செவ்வகத்தின் கர்ணங்கள் இரண்டும் முக்கோணத்தின் சமபக்கங்களாகும், ஒரு பக்கம் இரட்டித்து அடியாகும், மற்றது குத்துயரமாகும், செவ்வகத்தின் பரப்பே முக்கோணத்தின் பரப்பு என்பது ஆசாரியர் விதியின் கருத்து. இவ்வழியைத் தோற்றுவித்தவர் அவரே என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. 628ஆம் ஆண்டிலேயே பிரம்மகுப்தர் தம் நூலில் இதனைக் கூறியுள்ளார். மகாவீராசாரியர் முன்னோர் விட்ட இடத்திலிருந்து மேலே சென்றார்.

எவ்வாறு சென்றார் என்பதற்கு விஷம முக்கோணம் பற்றிய அவரது விதி ஒரு சான்று. ஒவ்வாத செங்கோண முக்கோணங்கள் இரண்டினைச் சேர்க்கவேண்டுமாயின், ஒட்டும் பக்கம் இரண்டிலும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். அதற்கு ஆசாரியர் காட்டும் வழி எளிது. முதற்செவ்வகத்தில் வித்துகளின் பெருக்கத்தால் வந்த பக்கம் 12; அதன் பாதி 6. இந்த 6ஐ வேறு இரு காரணிகளாக, 6 எனவும் 1 எனவும், பிரித்து அவற்றையே புதிய வித்துகளாகக் கொள்க. 35, 12, 37 பிறக்கும். பெருக்கம் மாறாமையால் 12 மாறவில்லை. இரண்டையும் 12இல் ஒட்டினால் பக்கங்கள் 13, 37, அடி 40 உடைய விஷம முக்கோணம் கிடைக்கும், பரப்பு 240. அந்த 6ஐ மீண்டும் 3, 2 என்றே பிரித்தால் பழைய துண்டே திரும்பப் பிறக்கும். அப்போது கிடைப்பது இருசமபக்க முக்கோணம். ஆக, ஒரே விதியின் ஒரு சிறப்பு நிலையாக இருசமபக்கம் அமைந்துவிடுகிறது.

இப்பகுதியின் சிகரம் ஓர் இரட்டை வினா. சுற்றளவும் பரப்பும் வேண்டிய விகிதத்தில் அமையும்படி இருசமபக்க முக்கோணங்கள் இரண்டினைக் காண்க என்கிறார் ஆசாரியர். அளவுகள் அனைத்தும் பின்னமாகவேனும் முடியும் எண்களாக இருத்தல் வேண்டும். முடிவுறா வர்க்கமூலங்கள் கூடா. சுற்றளவும் சமம், பரப்பும் சமம் என்னும் நிலைக்கு அவரது விதி தரும் வித்துகள் 6, 1 என்பனவும் 5, 2 என்பனவும் ஆம். முதல் இணையிலிருந்து 35, 12, 37; இரண்டாவதிலிருந்து 21, 20, 29. முறையே 35இலும் 21இலும் ஒட்டினால் 37, 37, 24 என ஒரு முக்கோணம். 29, 29, 40 என மற்றொன்று. இரண்டின் சுற்றளவும் 98; இரண்டின் பரப்பும் 420.

இம்முடிவின் நுட்பம் எண்களை மட்டும் நோக்கினால் விளங்காது. வேலியின் நீளமும் ஒன்றே, விளைநிலத்தின் பரப்பும் ஒன்றே, இரண்டும் இருசமபக்கமே. ஆயினும் ஒன்றின் மேல் மற்றொன்றைப் பொருத்த இயலாது. சுற்றளவையும் பரப்பையும் அறிந்தால் வடிவத்தையே அறிந்ததாகும் என்னும் எண்ணத்தை இது தகர்க்கிறது. அளவுகள் எல்லாம் முழு எண்களாக அமையும்படி இத்தகைய இணையை ஒரு விதியால் பெறுவதென்பது தற்செயலாகக் கிட்டக்கூடியதன்று. ஆசாரியர் இதற்கு எவ்வாறு வந்தார் என்பதைச் செய்யுள் கூறவில்லை. சூத்திர நடையின் சுருக்கம் போற்றத்தக்கதாயினும், இவ்விடத்தில் அது ஓர் இழப்பே.

இந்நூல் நின்று நிலைத்த வரலாறும் குறிப்பிடத்தக்கது. 11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இதனைத் தெலுங்கில் ஆக்கினார். சமணரல்லாதாரும் இதனைத் தமதாக்கிக்கொண்டனர் என்பதற்கு அது சான்று. பின்னர் பல நூற்றாண்டுகள் சுவடிகளிலேயே கிடந்த மூலத்தை, சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராகவும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாளராகவும் இருந்த மா. ரங்காசாரியர் பல படிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னை அரசினர் அச்சகத்தின் வழியே வெளியிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் யூஜின் ஸ்மித் அதற்கு முன்னுரை வழங்கினார். மேலைநாட்டு அறிஞரிடையே மகாவீராசாரியரின் பெயர் பரவியது சென்னையிலிருந்து வெளிவந்த இப்பதிப்பினாலேயே. வங்கத்தின் விபூதிபூஷண் தத்தர் 1929இல் சமணர் கணித மரபு பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். 1963இல் சோலாப்பூரிலிருந்து லக்ஷ்மீசந்திர ஜைனரின் இந்தி மொழிபெயர்ப்பும், 2000இல் ஹொம்புஜ ஜைன மடத்தின் வாயிலாகப் பத்மாவதம்மாவின் கன்னட மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வடமொழி பயின்று ஆய்ந்த த. அ. சரஸ்வதி அம்மாள் 1979இல் வெளியிட்ட பழைய இந்திய வடிவியல் பற்றிய நூலிலும் சமண ஆசாரியர்களுக்கு உரிய இடம் உண்டு.

இருசமபக்க முக்கோணங்கள் இரண்டினை இணையாக்கிய வினாவை ஒரு படி மாற்றினால் என்னவாகும்? ஒன்று செங்கோண முக்கோணமாகவும், மற்றொன்று இருசமபக்க முக்கோணமாகவும் இருந்து, பக்கங்கள் முழு எண்களாகி, சுற்றளவும் பரப்பும் ஒத்திருக்குமா? இதற்கு விடை 2018ஆம் ஆண்டில் ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஹிராகாவா, மட்சுமுரா என்னும் ஆய்வாளர் இருவர், அத்தகைய இணை ஒன்றே ஒன்றுதான் உண்டு என்று மெய்ப்பித்தனர். அதனையே ஒரே அளவில் பெருக்கியும் சுருக்கியும் பெறுவனவற்றை வேறு எனக் கொள்ளலாகாது. 135, 352, 377 பக்கங்களையுடைய செங்கோண முக்கோணமும், 366, 366, 132 பக்கங்களையுடைய இருசமபக்க முக்கோணமும் அவ்விணை. சுற்றளவு இரண்டுக்கும் 864. பரப்பு இரண்டுக்கும் 23,760.

இது மகாவீராசாரியர்க்கு முன்பே தெரியும் என்று விழா மேடைகளில் எவரேனும் கூறுவாராயின், அது ஆசாரியர்க்குப் பெருமை சேர்ப்பதாகாது. இணை ஒன்றே, வேறில்லை என்னும் மெய்ப்பிப்புக்கு, கடந்த நூற்றாண்டில் வளர்ந்த மிக நுண்ணிய கணிதக் கருவிகள் தேவைப்பட்டன. ஆயினும் அவ்விணையின் உறுப்புகளை ஆசாரியரின் விதியைக் கொண்டே பிறப்பிக்கலாம் என்பது உண்மை. 16, 11 என்னும் வித்துகளை எடுத்தால் வர்க்கங்களின் வேறுபாடு 135, பெருக்கத்தின் இருமடங்கு 352, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 377. 6, 5 என்னும் வித்துகளை எடுத்தால் 11, 60, 61; அவற்றை ஆறால் பெருக்கினால் 66, 360, 366. இவ்வளவுள்ள துண்டுகள் இரண்டினை 360 அளவுள்ள பக்கத்தில் ஒட்டினால் அடி 132 ஆகவும் பக்கங்கள் 366 ஆகவும் இருசமபக்க முக்கோணம் பிறக்கும். தாளும் எழுதுகோலும் கொண்டு, இல்லத்துச் சிறுவர் அரைநாழிகையில் இதனைச் சரிபார்த்துவிடலாம்.